அடிவாங்கி

கரட்டுப்பட்டி யார்டுக்கு முதல் சரக்கு ரயில் வந்த அன்று பகல் பதினொன்றரை மணிக்கு, லாரிப்பேட்டையிலிருந்து ஓடிவந்த கொம்பையா ஜாக்கிக் கம்பியை இரண்டு கையாலும் ஓங்கி, கிரேன் ஓட்டுகிற லூர்துவின் உச்சந்தலையில் இறக்கினான். சத்தம் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் நூல் மில் வரை கேட்டது, ஆனால் லூர்துவின் தலையில் ஒரு முடிகூடக் கலையவில்லை, இருபது தப்படி தள்ளி இறக்கி வைத்திருந்த ஒரு துருச்சிவப்புக் கன்டெய்னர் பெட்டியின் பக்கத் தகட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு குழி விழுந்தது.

கொம்பையா கம்பியைப் பார்த்தான், லூர்துவைப் பார்த்தான், மறுபடி அடித்தான். பெட்டியில் இன்னொரு குழி விழுந்தது. அவனுக்குப் பின்னால் வந்த நாற்பது லாரிக்காரர்களும் கையில் கிடைத்த ஸ்பானர், லீவர், டயர் கழற்றும் கம்பி எல்லாவற்றாலும் யார்டு ஆட்களை விலாவிலும் முழங்காலிலும் முகத்திலும் அடித்தார்கள், யார்டு ஆட்கள் பெட்டிகளைப் பூட்டுகிற இரும்புகளால் திருப்பி அடித்தார்கள். தொண்ணூறு பெட்டியை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போகிற ரயில் தொண்ணூறு லாரியின் வயிற்றில் அடிக்கிறது என்று அவர்களும், நாங்கள் மட்டும் என்ன மண்ணையா தின்பது என்று இவர்களும் கத்திக்கொண்டே அடித்தார்கள். ஒரு பல் விழவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை, அந்தச் சிவப்புப் பெட்டி மட்டும் யாரும் தொடாமலே கிடந்து நசுங்கியது. அரைமணி நேரத்தில் எல்லாருக்கும் கை ஓய்ந்தது. பெட்டி நிழலில் உட்கார்ந்தார்கள், யார்டு ஆட்கள் தண்ணீர்க் கேனை எடுத்து வந்தார்கள், லாரிக்காரர்கள் அண்ணாந்து குடித்தார்கள்.

"முடிஞ்சுதா அண்ணாச்சி?" என்று லூர்து கேட்டான். "நான் பெட்டியத் தூக்கணும்."

அன்று மாலை அந்தக் குழிகளை எழுதவேண்டியவள் வடிவு. யார்டில் சர்வே எழுதுகிற வேலை அவளுடையது. வருகிற ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி நடந்து, எந்தப் பக்கம், எத்தனை குழி, எத்தனை கீறல், என்ன காரணம் என்று எழுதவேண்டும், கதவில் சாக்பீஸால் காலி என்றோ லோடு என்றோ போடவேண்டும். காலி என்று போடுவதற்கு முன்னால் அவள் உள்ளே போய் நிற்க, வெளியிலிருந்து கதவைச் சாத்துவார்கள், இருட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்காவது தெரிகிறதா என்று அவள் பார்ப்பாள், வெளியே இருப்பவர் மூன்று தட்டுத் தட்டித் திறப்பார். ஓட்டைப் பெட்டியில் மழை இறங்கினால் தீப்பெட்டி நமுத்துப்போகும். தன் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் வடிவு. முதல் பட்டதாரிச் சான்றிதழின் நகலை, யாராவது திடீரென்று கேட்டுவிடுவார்களோ என்று வேலைக்குச் சேர்ந்த பிறகும் கைப்பையில் வைத்திருந்தாள். தப்பாக எதையும் எழுதிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். ஆனால் அன்று காலை மட்டும், ரயில் வந்த பரபரப்பில், அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறந்து பார்க்காமலே, காகிதத்தில் இருந்ததை நம்பி, கதவில் காலி என்று எழுதிவிட்டிருந்தாள். மாலையில் காரணம் என்கிற கட்டத்தில் ரொம்ப நேரம் யோசித்து, அடிதடி என்று எழுதினாள்.

கொம்பையா அவளுக்கு அத்தான். அவளுடைய அக்கா இசக்கியம்மாளை ஆறு வருஷமாக அடித்துக்கொண்டிருப்பவன். ஒரு தடவை மணிக்கட்டை முறித்திருக்கிறான், அது கோணலாகக் கூடியதால் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேகம் அவளுக்குக் குறைந்துபோயிற்று. அன்று சண்டையில் ஜெயிக்காத கோபத்தோடு வீட்டுக்கு வந்தவன், கீரை ஆய்ந்துகொண்டிருந்த இசக்கியின் முதுகில் மிதித்தான். அவள் வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள். வலி வரவில்லை. அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள்.

"வலிக்கலியாட்டி?"

"இல்லியே."

"பொய் சொல்லாத."

"சத்தியமா வலிக்கல. சந்தேகமா இருந்தா இன்னொண்ணு போட்டுப் பாருங்க."

அவன் இன்னொன்று போட்டுப் பார்த்தான். யார்டில் ணங் என்று கேட்டது.

இரண்டு வாரத்தில் ஊருக்கு விஷயம் பழகிப்போயிற்று. எந்தத் தெருவில் யார் யாரை அடித்தாலும் அடி அந்தப் பெட்டிக்குப் போனது. ஆட்டை வெட்டினால் ஆடு செத்தது, கட்டையைப் பிளந்தால் கட்டை பிளந்தது, மனிதர் மேல் மனிதர் போடுகிற அடியை மட்டும் பெட்டி வாங்கிக்கொண்டது. பெண்கள் அதற்கு அடிவாங்கி என்று பேர் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் யார்டுக் கம்பிவேலியைத் தாண்டி வந்து அதன் கதவில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள், குழிகளைத் தடவிப் பார்த்து, பிள்ளையின் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி, "இது எங்க வீட்டுக்காரரு முழங்கை", "இது எம் மாமியா, கரண்டிக் காம்பு" என்று சொல்லிக்கொண்டார்கள். முப்பிடாதி என்று ஒருத்தி, தன் புருஷன் ஆடி மாதம் வாயில் குத்திய குத்து எது என்று கண்டுபிடித்து, அதன் மேல் மட்டும் தினமும் ஒரு செவ்வந்திப் பூ வைத்தாள்.

அடி குறையும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். காயம் வந்தால் நிறுத்துவார்கள், அழுகை வந்தால் நிறுத்துவார்கள், எதுவும் வராததால் நிறுத்துகிற இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு அப்பளம் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சாம்பார் வாளியால் மண்டையில் மாறி மாறி அடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு மொய் எழுதப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் பிரம்பு ஓயவில்லை. தேநீர்க்கடையில் பேச்சுக்கு நடுவே அரிவாளை வீசி, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். பெட்டி பகலெல்லாம் ணங் ணங் என்று முனகிக்கொண்டு கிடந்தது, பக்கத்திலேயே ரயில்கள் வந்து போயின, வாரம் ஒன்றாக இருந்தது வாரம் ஐந்தாயிற்று, தீப்பெட்டிப் பண்டல்களும் நூல் கோன்களும் மிளகாய் வற்றலும் துறைமுகத்துக்கு ஓடின, ஊரில் புதிதாக இரண்டு பெட்ரோல் பங்க் வந்தது.

வடிவு அக்காவிடம் போனாள். "வாக்கா நம்ம வீட்டுக்கு. எனக்கு வேலை இருக்கு. அம்மாவும் கூப்பிடுதா."

"இப்பதான் வலிக்கலியே பிள்ள. எதுக்கு வரணும்?" என்றாள் இசக்கி. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கொம்பையா பின்னாலிருந்து வந்து அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் ஒரு மோது மோதிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அவள் ஒரு நொடி நின்று, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். வடிவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் செய்யாததைச் செய்தாள், அக்காவின் இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

இசக்கி சிரித்தாள். "நீயுமாட்டி?"

மறுநாள் பெட்டியின் வலது கீழ் மூலையில் விரல் பதிந்த ஒரு சின்னக் குழி இருந்தது. வடிவு அதையும் எழுதினாள். வலக் கீழ் மூலை, ஒன்று, சிறியது.

ஐந்தாவது மாதம், பெட்டிக்குச் சொந்தமான கம்பெனி தூத்துக்குடியிலிருந்து ஒரு வெல்டரை அனுப்பியது. ஏற்றுமதி ஏறிக்கொண்டே போகிறது, காலிப் பெட்டி கிடைக்கவில்லை, கிடக்கிறதை நிமிர்த்தி ஓட்டுங்கள் என்று உத்தரவு. வெல்டர் கதவை இரண்டு விரற்கடை திறந்து, கையை மட்டும் உள்ளே நுழைத்து, வெளியே தெரிந்த குழிகளில் கைக்கு எட்டிய ஒன்றை உள்ளிருந்து சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். அதே நேரம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த முப்பிடாதியின் வாயிலிருந்து இரண்டு பல் ரத்தத்தோடு கட்டையில் விழுந்தது. ஆடி மாதம் குத்திய குத்து. குத்தியவன் புரட்டாசியிலேயே காய்ச்சலில் செத்துப்போயிருந்தான், குத்து அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. அடி எங்கேயும் போய்விடவில்லை. வழியில் நிற்கிறது.

மதியத்துக்குள் முன்னூறு பெண்கள் பிள்ளைகளோடு வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். லாரிப்பேட்டையிலிருந்து ஆண்கள் வந்தார்கள், கொம்பையா முன்னால் நின்றான்.

"நிமித்துங்க சார்," என்று அவன் யார்டு மேனேஜர் ஜெபமணியிடம் சொன்னான். "அடிக்கு ஒரு மரியாதி இல்லாமப் போச்சி. பொண்டாட்டி சிரிக்கா, பிள்ளை சிரிக்கி. இந்தத் தகரம் வந்த பிறகு ஒருத்தன் ஆம்பளையா இருக்க முடியல."

ஜெபமணி நல்லவர்தான், ஆனால் அவருக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. "எனக்குத் திங்கக்கிழமை ரயிலுக்கு எண்பது காலி வேணும். எழுபத்தொன்பதுதான் இருக்கு. வடிவு, இது காலிதானேம்மா? கதவுல நீதான் எழுதியிருக்க."

எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள்.

"நான் அன்னைக்கு உள்ள போய்ப் பாக்கல சார்," என்றாள். "பாத்துட்டுச் சொல்லுதேன்."

உள்ளே போனாள். லூர்து கதவைச் சாத்தினான். வெளிச்சம் ஒரு பொட்டு இல்லை. வெளியே அத்தனை குழி இருந்தும் உள்ளே தகடு ஒரு இடத்திலும் புடைத்திருக்கவில்லை, ஆனால் அவளால் இரண்டு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை. இருட்டு முழுக்க அடிகள் அடுக்கி நின்றன. முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றுவிட்ட கைகள், இறங்காத பிரம்புகள், பாதியில் நின்ற மிதிகள், ஒவ்வொன்றின் காற்றும் அவள் தோலில் பட்டது, ஒவ்வொன்றும் யாருக்கோ போகவேண்டிய அவசரத்தில் துடித்துக்கொண்டிருந்தது. மூன்று தட்டுக் கேட்டதும் வெளியே வந்தாள், முந்தானையால் காலியை அழித்தாள், லோடு என்று எழுதினாள்.

"என்ன லோடு?" என்றார் ஜெபமணி.

"அடி சார்."

"இருபதடிப் பெட்டில இருபது அடி இருக்கும், அது எனக்குத் தெரியாதாம்மா?"

"அந்த அடி இல்ல சார்." வடிவு கதவில் எழுதியதைத் தொட்டுக் காட்டினாள். "லோடு இருக்கிற பெட்டிய வெல்டர் தொடக் கூடாது. அனுப்புனவுக பேரு, வாங்குறவுக பேரு எழுதணும். வாங்குறவுக வேண்டாம்னு கையெழுத்துப் போட்டா சரக்கு அனுப்புனவுகளுக்கே திரும்பிப் போகணும். போன மாசம் நூல் கோன் நனைஞ்சிருக்குன்னு திரும்பி வந்துச்சே, அதே காயிதம்தான் சார்."

ஜெபமணி கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். வேறு வழி தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. "காயிதம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

கொம்பையாவுக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. பாய்ந்து வந்து வடிவின் கழுத்தைப் பிடித்து நெரித்தான், பெட்டித் தகடு நெளிந்தது. "ஏட்டி கொழுந்தியா, ரெண்டெழுத்துப் படிச்சிட்டா அத்தானுக்கே சரக்கு அனுப்புவியா? ஒன்னக் காலி பண்ணிருவேன்."

"இதையும் எழுதிக்கிடுதேன் அத்தான்," என்றாள் வடிவு, மூச்சு முட்டாமல்.

மூன்று பகல் எழுதினாள். பெட்டி முன்னால் ஒரு மேசை போட்டு, ஒவ்வொரு குழியாகக் காட்டக் காட்ட, அனுப்பியவர், பெறுபவர், சரக்கு என்று வரிசையாக எழுதி, கடைசிக் கட்டத்தில் ஏற்க மறுக்கிறேன் என்பதற்கு நேரே கையெழுத்து வாங்கினாள். ஆண்கள் எதிர்ப்பக்கம் நின்று முதலில் கேலி பேசினார்கள், பிறகு ஏசினார்கள், பிறகு அடித்தார்கள், அடித்ததெல்லாம் அடுத்த பக்கத்தில் ஏறியது, அதன்பின் சும்மா நின்றார்கள். ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று இரண்டு பேர் பஸ் ஏறினார்கள். தூத்துக்குடியில் இறங்கியபோது அடியும் அங்கேதான் வரும் என்று யோசித்து, தெரியாத ஊரில் விழுவதைவிடத் தெரிந்த ஊரில் விழலாம் என்று திரும்பி வந்தார்கள். அனுப்பியவர் கட்டத்தில் எல்லாப் பெயரும் ஆண் பெயராக இல்லை. ஒரு சின்னப் பெண் தன் குழியைக் காட்டிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்தபடி, "மறுத்துரு, தாயி," என்றாள்.

லூர்து தன் உச்சந்தலைக் குழிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான்.

"இது திரும்பிப் போனா அவன் பிழைக்க மாட்டான்."

"ஆமாண்ணே."

"நான் ஏத்துக்கிட்டா நான் பிழைக்க மாட்டேன்."

"ஆமாண்ணே."

"ரெண்டு பிள்ளை இருக்கு வடிவு," என்றான், சிலுவை போட்டுக்கொண்டான், கையெழுத்துப் போட்டான்.

இசக்கி மூன்றாவது நாள் மதியம்தான் வந்தாள். அவளுடையது மட்டும் பதினோரு பக்கம். வடிவு ஒவ்வொன்றாக வாசித்தாள். கொம்பையா, இசக்கியம்மாள், மிதி. கொம்பையா, இசக்கியம்மாள், குத்து. கொம்பையா, இசக்கியம்மாள், சுவர். இசக்கி கோணல் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக முழுப் பேரையும் போட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"இது திரும்பிப் போனா அவுகளுக்கு எவ்வளவு வலிக்கும்?"

"ஒனக்கு வலிச்சிருந்தா எவ்வளவோ அவ்வளவு."

"லூர்துண்ணன் போட்டுட்டாகளா?"

"போட்டுட்டாக."

இசக்கி எதிர்ப்பக்கம் பார்த்தாள். கொம்பையா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். "ஏட்டி, தாலி கட்டுனவன்ட்டி நான்," என்று அங்கிருந்தே கத்தினான். "போட்டா நீ அறுத்துத்தான் போடணும்."

"தெரியும்," என்றாள் இசக்கி. அவள் கண்ணிலிருந்து நீர் காகிதத்தில் சொட்டியது, அதைச் சேலையால் ஒற்றிவிட்டு அடுத்ததைப் போட்டாள்.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் அனுப்பியவர் சு. வடிவு என்று இருந்தது. அதை மட்டும் வடிவு வாசிக்கவில்லை. தாளை அக்காவின் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேனா கீறுகிற சத்தம் நின்றது, தாள் திரும்புகிற சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஊர் மொத்தமும் நிற்க, ஜெபமணி காகிதத்தில் முத்திரை குத்தினார். வடிவு தாழ்களை விலக்கி இரண்டு கதவையும் முழுக்கத் திறந்தாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு பெருங்காற்று வெளியே வந்தது. காற்றுக்குள் விரல்கள் இருந்தன. பள்ளிக்கூட வாத்தியார் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார், பிரம்பு வரிகள் சட்டைக்கு மேலாகவே தெரிந்தன. சாம்பார் வாளிகள் மண்டைகளைத் தேடி வந்தன. அரிவாள் வெட்டுகள் வந்து தோள்களைத் திறந்தன. எலும்புகள் விறகு மாதிரி ஒடிகிற சத்தம் வரிசையாகக் கேட்டது, மாமியார்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், சுடுகாட்டுப் பக்கம் முப்பிடாதியின் புருஷனைப் புதைத்த மேட்டில் புழுதி கிளம்பி அடங்கியது. கையெழுத்துப் போடாத சிலரும் இருந்தார்கள், அவர்கள் தங்களுக்கு வந்ததைத் தாங்களே வாங்கிக்கொண்டு விழுந்தார்கள்.

கொம்பையாவுக்கு அடி ஒவ்வொன்றாகத்தான் வந்தது. முதலில் முதுகில் ஒரு மிதி. "வலிக்கிட்டி," என்று ஆச்சரியமாகச் சொன்னான். பிறகு குத்து, பிறகு சுவர், பிறகு பதினோரு பக்கமும் வந்தன, பெட்டி வந்த பிறகு முறுக்கிய முறுக்கில் மணிக்கட்டு முறிந்து தொங்கியது, தொண்டை நெரிந்து நாக்குத் தள்ளியது, அவன் முட்டிபோட்டு, "இசக்கி, போதும்னு சொல்லு," என்று கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் முதல் நாள் ஜாக்கிக் கம்பியின் அடி வந்து உச்சந்தலையில் இறங்கியது, சத்தம் நூல் மில் வரை கேட்டது, அவன் ஜல்லியில் முகம் குப்புற விழுந்தான். இந்தத் தடவை ரத்தம் இருந்தது. தண்டவாளம் வரை போயிற்று.

வடிவு கண்ணை மூடிக்கொண்டு, இடது கன்னத்தை இறுக்கிக்கொண்டு, தனக்குரியதற்காகக் காத்து நின்றாள். காற்று அடங்கியது. அழுகைகள் மட்டும் மிச்சமாயின. கன்னத்தில் எதுவும் படவில்லை. கண்ணைத் திறந்து தாளைப் புரட்டினாள். கடைசி வரிக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். இசக்கியின் இடது கன்னத்தில் நான்கு விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தன.

"ஏன்க்கா?"

"அது நீ எனக்குப் போட்டதுல்லா," என்றாள் இசக்கி. "நான் வாங்கிக்கிட்டேன்." சொல்லிவிட்டு நடந்து போய், ஜல்லியில் உட்கார்ந்து, கொம்பையாவின் உடைந்த தலையைத் தூக்கி மடியில் வைத்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அந்த அடி அவள் நெஞ்சிலேயே விழுந்தது.

பெட்டித் தகட்டில் ஒரு குழி இல்லை. வடிவு உள்ளே போனாள், கதவைச் சாத்தச் சொன்னாள், நான்கு மூலையும் கையால் தடவிப் பார்த்தாள், மூன்று தட்டுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்து, காலி என்று எழுதினாள். திங்கட்கிழமை ரயிலில் எண்பதாவது பெட்டியாக அது போயிற்று, திரும்பி வரவில்லை.

அக்காவின் கன்னத்தில் அந்தத் தடம் ஒன்பது நாள் இருந்தது. அவள் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டதால் வடிவு தினமும் அதைப் பார்த்தாள், சிவப்பு, பிறகு நீலம், பிறகு மஞ்சள். யார்டில் நுழைகிற ஒவ்வொரு குழியையும் எழுதியவள், அதை எழுத எந்தப் புத்தகத்திலும் கட்டம் கிடைக்காமல், பத்தாவது நாள் மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.